கார்டு தேதி முடிவதற்குள்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், ஜெர்மனியில் படிப்பை முடித்துவிட்டுப் பெரம்பூருக்குத் திரும்பி வந்த கதையை எழுதியிருந்தேன். நான்கு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி, கிளம்புவதற்கு முன் 23 நாள் ஊர் சுற்றியதைப் பற்றியது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பத்தியைப் பற்றித்தான். வேலை தேடியது, விசாவுக்கு அலைந்தது பற்றியெல்லாம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படிக்காதவர்களுக்காக: நான் 2021 அக்டோபரில் ஆகன் நகருக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். 2024 ஜூன் மாதம் சுற்றினேன். அப்போது வயது 25. அந்த வயது முக்கியம், ஏன் என்று கீழே வரும்.

டோர்ட்முண்டில் படிக்கும் வில்லிவாக்கம் வாசகர்: செப்டம்பர் முதல் வாரம் தீசிஸ் கொடுக்கிறேன். அக்டோபர் 25ல் சென்னைக்கு டிக்கெட். கையில் 1,000 யூரோ இருக்கிறது. அறை நண்பர்கள் அக்டோபரில் 15 நாளில் 11 நாடு என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். முடியுமா?

முடியும் தம்பி. பதினோரு நாட்டுப் பஸ் ஸ்டாண்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் பர்ஸைத் திறந்து ரெசிடென்ஸ் கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கார்டு இருக்கும்வரைதான் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) தனி விசா இல்லாமல் போக முடியும், அதுவும் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை. கார்டு முடிந்த மறுநாள் நம் பாஸ்போர்ட் பழையபடி விசா கேட்கும் பாஸ்போர்ட்தான். "படிப்பு முடிந்ததும் நிம்மதியாகச் சுற்றலாம்" என்று தள்ளிப்போட்டு, பெட்டி கட்டும் வாரத்தில் தேதியைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, உங்கள் செமஸ்டர் டிக்கெட், அதாவது மாணவராக இருக்கும்வரை செல்லும் ரயில் பாஸ். கோடை செமஸ்டர் செப்டம்பர் 30ல் முடிகிறது. தீசிஸ் கொடுத்த கையோடு பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காதீர்கள். செமஸ்டர் முடியும்வரை மாணவராக இருக்க உங்கள் துறை விடுகிறதா என்று கேளுங்கள். விட்டால் ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்கள் உங்களுக்கு ஏற்கனவே காசு கட்டியவை. அதை விட்டுவிட்டு அக்டோபரில் போனால் அதே வட்டார ரயில்களுக்கு டாயிட்ச்லாண்ட் டிக்கெட் என்கிற பாஸைத் தனியாக வாங்க வேண்டும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. மாதச் சந்தா அது. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள், நீங்கள் வில்லிவாக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் என் யோசனை, செப்டம்பரிலேயே கிளம்புங்கள்.

இந்த டிக்கெட்டில் ஐ.சி.இ. மாதிரி வேக ரயில்களில் ஏற முடியாது. ஆனால் எல்லைவரை போகலாம். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும், சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருக்கிறது. பாசல் பாடிஷர் ஸ்டேஷன் வரை செல்லும், அது சுவிஸ் மண்ணில் ஜெர்மன் ரயில்வே நடத்தும் ஸ்டேஷன். எல்லை ஊர்வரை ரயிலில் போய், அங்கிருந்து முன்கூட்டியே பதிவு செய்த பஸ். என் பயணத்தின் எலும்புக்கூடே அவ்வளவுதான். பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே பாஸான இன்டர்ரெயில் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு நல்லதுதான். நாலைந்து ஊருக்குத் தேவையில்லை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் காசு. ஐரோப்பாவில் வசிப்பவர் வாங்க வேண்டியது இன்டர்ரெயில், ஊரிலிருந்து வருபவருக்குத்தான் யூரெயில். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

என் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. 23 நாள், 860 யூரோ. தங்க 310 (12 இரவு ஹாஸ்டல், 8 இரவு நண்பர்கள் வீட்டுத் தரை, 2 இரவு பஸ்), சாப்பாடு 230, பஸ்ஸும் ரயிலும் 170, நுழைவுக் கட்டணம் 60, கழிப்பறை, லாக்கர், இதர 50. மீதி 40 யூரோ ஒரு முட்டாள்தனத்துக்கு. அது சுவிட்சர்லாந்து கேள்வியில் வருகிறது.

ஹாஸ்டல் கட்டிலுக்குச் சராசரியாக 26 யூரோ. பஸ்ஸில் தூங்கினால் அந்த 26 மிச்சம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாரிஸுக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கிய அன்று லூவர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைவிடப் பெஞ்சுகளைத்தான் அதிகம் தேடினேன். அந்த லூவருக்கு நான் ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. 26 வயதுக்குள் இருந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவராக இருந்தால் இலவசம். குடியுரிமை வேண்டாம், ரெசிடென்ஸ் கார்டு போதும். இத்தாலி அரசு அருங்காட்சியகங்களில் இளைஞர்களுக்கு 2 யூரோ டிக்கெட் உண்டு, ஆனால் அது ஐரோப்பியக் குடிமக்களுக்கு. நாம் முழுப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாதத்தின் முதல் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். மாட்ரிட்டில் பிராடோ 18 முதல் 25 வயது மாணவர்களுக்கு இலவசம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். இப்படி ஊருக்கு ஊர் விதி மாறும். போகும் இடத்தின் தளத்தில் முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

விமானம் 15 யூரோ என்று நண்பர்கள் காட்டுவார்கள். "பாரிஸ்" என்று போட்டிருக்கும் போவே விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மதுராந்தகம். பஸ்ஸுக்கு ஒரு காசு, பெட்டிக்கு ஒரு காசு. நம் பாஸ்போர்ட்டுக்குச் சில நிறுவனங்களில் கவுண்டரில் ஆவணம் காட்டிச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு நாட்டில் ஏழு நாட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மீதியுள்ள ஒவ்வொன்றுக்கும் "ஏன் இந்த ஊர்?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். நண்பன் சொன்னான் என்பது காரணம் இல்லை.

கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா: என் மகள் பிரான்சில் லியோன் நகரில் ஒரு செமஸ்டர் படிக்கிறாள். முடிந்ததும் பத்து நாள் தனியாகச் சுற்றிவிட்டு வருகிறேன் என்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

தடுக்க வழி கேட்கிறீர்கள் அம்மா, நான் போகச் சொல்லுகிற கட்சி. என் அம்மாவும் இதே கேள்வியோடுதான் இருந்தார். ஒரு மாதம் போனில் சண்டை போட்டு, கடைசியில் மூன்று நிபந்தனைகளில் நின்றோம். புது ஊருக்கு இருட்டிய பிறகு போய் இறங்கக் கூடாது. தங்கும் இடத்தின் முகவரி முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். இரவு படுக்கும் முன் ஒரு செய்தி; செய்தியில் "ம்" என்றிருந்தாலும் போதும். இதில் முதல் நிபந்தனைதான் உண்மையில் பயன்பட்டது. ஜூனில் அங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதை மட்டும் அம்மாவிடம் கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன்.

ஹாஸ்டலில் பெண்களுக்கு மட்டுமான அறை பல இடங்களில் உண்டு, மூன்று நான்கு யூரோ அதிகம், கொடுக்கட்டும். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. சென்னைப் பாரிமுனையில் வாங்கிய ஒரு சின்னப் பூட்டை இங்கிருந்தே கொண்டுபோயிருந்தேன். அங்கே வாடகைக்கே இரண்டு யூரோ கேட்கிறார்கள். பெரிய ஊர் மெட்ரோக்களில் ஜேப்படி உண்டு. பாரிஸில் என் பைக்குள் ஒரு கை வந்தது. உள்ளே மேலாக இருந்தது இட்லிப் பொடி டப்பா, பர்ஸ் இல்லை. அவசரத்துக்கு 112, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே எண்.

உங்கள் மகளிடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று: விசாவில் முடிவுத் தேதி என்ன, விமானம் எந்தத் தேதி? ஒரு செமஸ்டர் மாணவர்களுக்கு விசா சரியாகப் படிப்பை ஒட்டியே முடிந்துவிடலாம். பத்து நாள் சுற்றல் அந்தத் தேதிக்குள் அடங்க வேண்டும். நாட்டுக்கு நாடு போகும்போது பாஸ்போர்ட், விசா அல்லது கார்டு எல்லாம் அசலாகவே கையில் இருக்கட்டும். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்பது புத்தகத்தில்தான். ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. பஸ்ஸை நள்ளிரவில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நகலைக் காட்டினால் சிரிக்க மாட்டார்கள்.

அயனாவரம் வாசகர்: சுவிட்சர்லாந்து மாணவர் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகுமா? எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.

ஆகாது. நான் போனேன்.

அயனாவரம் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் புரியும். என் அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த அந்த ஆலைக்குப் பெட்டியின் வடிவமைப்பு வந்தது சுவிட்சர்லாந்திலிருந்து, சூரிக் பக்கத்தில் ஷ்லீரன் என்கிற ஊரில் இருந்த ஒரு வேகன் தொழிற்சாலையிலிருந்து. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சுவிஸ்காரர்கள் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் மூத்த ஃபிட்டர்கள் வாயில் அந்தப் பெயர் புழங்கியிருக்கிறது. நான் ஜெர்மனிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் ஈஃபிள் டவர் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது அப்பா ஒருவர்தான், "ஷ்லீரன் அங்கேர்ந்து எவ்ளோ தூரம்? நம்ம பொட்டிக்கு அதான் பொறந்த ஊர்" என்றார்.

அதனால் ஒரு பகல் முழுக்க வட்டார ரயில்களில் மாறி மாறி பாசல் போய், பஸ் பிடித்து சூரிக். அங்கே இரண்டு இரவு, நண்பரின் நண்பர் வீட்டுத் தரையில். தரை இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன். சாப்பாடு மிக்ரோஸ் சூப்பர் மார்க்கெட் ரொட்டி, சீஸ், கொண்டுபோன பொடி. தண்ணீர் வாங்கவே கூடாது. சூரிக்கில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள், அத்தனையும் தெருவில் நின்று குடிக்கலாம்.

ஷ்லீரன் சூரிக் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் பத்து நிமிஷம். ஆலை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஆய்வுக்கூடங்கள், உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள், குடியிருப்புகள். ஆனால் அந்த வளாகத்துக்கு இன்னும் வாகி என்றுதான் பெயர், வேகன் தொழிற்சாலை என்பதன் செல்லச் சுருக்கம். சுற்றுலாக் கையேடு எதிலும் வராத இடம். ஒரு பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பலகையை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "அது இருக்கட்டும்மா, பின்னாடி தண்டவாளம் தெரியுதே, போனைத் திருப்பு. அந்த வண்டி போகியைக் காட்டு. கிட்டப் போ. ஸ்பிரிங் எங்க வெச்சிருக்கான் பாரு" என்று இருபத்தைந்து நிமிஷம். பக்கத்தில் நின்ற ஒரு சுவிஸ் பாட்டி நான் ரயிலுக்கு ஏன் போனைக் காட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த 40 யூரோ இங்கேதான் போனது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனிலிருந்து ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஜெர்மன் சிம்மில் எங்கும் உள்ளூர் போலவே பேசலாம். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஒன்றியத்தில் இல்லை. என் பிளானில் அது சேரவில்லை என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. நீங்கள் எல்லை தாண்டும்போது டேட்டாவை அணைத்துவிடுங்கள். அப்பாவிடம் அந்தப் பில்லைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. இந்த இதழ் வந்ததும் தெரிந்துவிடும்.

உங்களுக்குச் சுவிட்சர்லாந்தில் பனிமலை மட்டும்தான் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவில் பாதி விலைக்குப் பார்க்கலாம்.

மயிலாப்பூர் வாசகி: சங்கீதம் கற்றுக்கொள்கிறேன். ஜனவரியில் படிக்கப் போகிறேன். வியன்னாவில் ஓப்பரா பார்க்க நிறையச் செலவாகுமா?

நின்றுகொண்டு பார்த்தால் ஆகாது. வியன்னா ஸ்டேட் ஓப்பராவில் நின்று பார்க்கவென்றே இடங்கள் உண்டு. உட்கார்ந்து பார்ப்பவர் இருநூறு யூரோ கொடுக்கும் அதே அரங்கில் இருபது யூரோவுக்குள். இடம் பிடித்ததும் முன்னால் உள்ள கம்பியில் ஒரு கைக்குட்டையோ ஸ்கார்ஃபோ கட்டிவிட்டு வெளியே போய்வரலாம், யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். நான் துப்பட்டாவைக் கட்டினேன். டிசம்பர் கச்சேரிக்கு நாற்காலியில் கைப்பை போட்டு இடம் பிடிப்பவர்கள் அங்கே போனால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஒரே வித்தியாசம், இடைவேளையில் கேன்டீன் ரவா தோசை இல்லை. செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் சீசன். ஜூலை, ஆகஸ்டில் போய் ஏமாறாதீர்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: சைவம். பிழைக்க முடியுமா?

பிழைக்கலாம். ஃபலாஃபல் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஹாஸ்டலில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைக்காவிட்டால் ரயில் நிலையக் கடையில் இரட்டை விலை. பொடிகளைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா வேண்டாம்; வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஒன்றியம் தடை போட்டிருக்கிறது, சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குத்தான் போகும்.

சோறு என்றால்தான் சாப்பாடு என்பவர்களுக்கு இரண்டு இடம். பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷாப்பெல். ஈழத்தமிழர் கடைகள், தமிழில் பெயர்ப் பலகை, கொத்து ரொட்டிச் சத்தம். ஜெர்மனியில் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில். ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002ல் குடமுழுக்கு. ஆகனிலிருந்து ஒரே வட்டார ரயில் நேராக ஹம் போகும், பிறகு ஒரு பஸ். தொழிற்பேட்டை மாதிரி ஒரு சாலையில் திடீரென்று கோபுரம் எழும்பி நிற்கும். என் 23 நாளை அங்கிருந்துதான் தொடங்கினேன். பக்தி என்று சொன்னால் அம்மா சந்தோஷப்படுவார். பூசை முடிந்து கிடைக்கும் சாம்பார் சாதத்துக்காகத்தான்.

திருவொற்றியூர் வாசகர்: கல்விக் கடன் 18 லட்சம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. நண்பர்கள் சுற்றக் கூப்பிடுகிறார்கள். போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

இந்தக் கடிதத்தை நாலு முறை படித்தேன். எனக்கு 14 லட்சம் இருந்தது. 860 யூரோ என்பது அன்றைக்குச் சுமார் 77,000 ரூபாய். கடனில் கட்டியிருந்தால் வட்டி குறைந்திருக்கும், அதில் பொய் சொல்ல முடியாது.

பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும், ஆனால் வட்டி படிக்கும்போதே ஏறிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நான் வைத்துக்கொண்ட விதி, வீட்டுப் பணத்திலும் கடன் பணத்திலும் சுற்றுவதில்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஹீவி (மாணவர் உதவியாளர்) வேலை பார்த்து மாதம் கொஞ்சம் ஒதுக்கினேன். அறையின் டெபாசிட் திரும்பி வந்ததும் அதை அப்படியே கடனில் போட்டேன். உங்களிடம் அப்படி ஒதுக்கிய பணம் இல்லையென்றால் போகாதீர்கள். இருந்தால் அப்பாவிடம் தொகையைச் சொல்லிவிட்டுப் போங்கள். முழுத் தொகையை. மறைத்துவிட்டுப் போகிற பயணத்தில் ஒரு படம்கூட அனுப்ப முடியாது.

வேலை தேட விரும்பினால், ஜெர்மனியில் படித்து முடித்தவர்களுக்கு 18 மாதம் வரை தங்கி வேலை தேடும் அனுமதி உண்டு. கார்டு முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். சுற்றல் அதற்குப் பிறகு.

போரூர் வாசகி: பட்டமளிப்புக்கு அம்மா அப்பாவைக் கூப்பிட ஆசை. சேர்த்துச் சுற்றலாமா?

கூப்பிடுங்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே போடலாம். அவர்களை மட்டும் இரவு பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

அம்பத்தூர் வாசகர்: திரும்பும்போது சாமான்களை என்ன செய்தீர்கள்?

சுற்றக் கிளம்பும் முன்பே காலி செய்துவிட்டேன், இரண்டு பெட்டி மட்டும் நண்பர் அறையில். காலி பாட்டில்களை முதலில் கடை இயந்திரத்தில் போடுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும். மூன்று வருஷச் சோம்பேறித்தனத்தில் என் கட்டிலுக்கு அடியில் 11 யூரோ இருந்தது. குளிர்கால ஜாக்கெட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன், ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மூன்று லிட்டர் குக்கரை மதுரையிலிருந்து வந்த ஒரு ஜூனியருக்குக் கொடுத்தேன். அவள் போகும்போது ஆம்பூர்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறாள். போன வாரம் அவன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: "அக்கா, விசில் வரல. கேஸ்கட் போயிருச்சு. அந்த சைஸ் இங்க கிடைக்கல." பெரம்பூர் மார்க்கெட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆகன் போகிறவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பகுதிக்கு ஒரு வரி எழுதுங்கள்.